என் பொம்மை இல்லாத ஒரே அறை

போன மாதம் என் பழைய ஆபீஸிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் கண்காட்சிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சென்னைப் பெண், பெயர் நிவேதா. தமிழிலேயே எழுதியிருந்தார், அதற்கே முதலில் ஒரு கும்பிடு. நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக வேலை பார்த்த ஆற்றங்கரை நினைவகத்தைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். கோப்புகளைப் புரட்டியதில் நான்காம் அறையைப் பற்றி அவருக்கு இரண்டு சந்தேகங்கள். அந்த அறையில் ஏன் எதுவுமே இல்லை என்பது முதலாவது. மற்ற எல்லா அறைகளிலும் ‘உணவுப் பொருட்களுக்கு அனுமதி இல்லை’ என்ற போர்டு இருக்கிறது, அங்கே மட்டும் காணோம். மறந்துவிட்டீர்களா சார், எறும்பு வருகிறது, ஒன்று மாட்டிவிடட்டுமா என்பது இரண்டாவது. காலி அறைக்கு ஒரு யோசனையும் வைத்திருந்தார். அங்கே இறந்தவர்களின் முகங்களைக் கம்ப்யூட்டரே வரைந்து தருமாம். சுவரில் ஒளியாக விழுமாம். நம்மைப் பார்த்துக் கண்கூடச் சிமிட்டுமாம்.

இரண்டே வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் தாண்டியும் நான்காம் அறைக்குள் நுழையவே முடியவில்லை. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று எல்லாவற்றையும் எழுதிவிடத் துணிந்துவிட்டேன். நிவேதா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் அருணாசலம். கல்கத்தாவில் அவ்வளவு நீளப் பெயருக்கு யாருக்கும் நேரமில்லை, ஆகவே அருணா தா, அதாவது அருணா அண்ணன். அப்பா கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் குமாஸ்தா. நான் பிறந்ததே குவார்ட்டர்ஸில்தான். வீட்டில் திருநெல்வேலி, தெருவில் பெங்காலி, பரீட்சையில் இங்கிலீஷ். மூன்றிலும் சுமார் என்பதால் ஓவியக் கல்லூரியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே ஐந்து வருஷம் டீ குடித்ததைத் தவிரச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பிறகு அரசு அருங்காட்சியகங்களுக்குக் கண்காட்சி தயாரிக்கும் பட்டறையில் வேலை கிடைத்தது. பதவிக்குப் பெயர் மாடலர். என் மனைவி பாக்கியம் ஊரில் கேட்பவர்களுக்கு, “பொம்ம செய்யுதாக” என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவாள்.

பொம்மைதான். ஆள் உயரப் பொம்மை. இரும்புக் கம்பியில் எலும்பு கட்டி, வைக்கோல் சுற்றி, ஆற்று மண் பூசி, அதிலிருந்து அச்சு எடுத்து ஃபைபரில் வார்ப்போம். நெல் நடும் பெண், தறி நெய்பவர், வேட்டையாடும் ஆதி மனிதன் என்று வட இந்தியா முழுக்க என் குடும்பம் கண்ணாடிப் பெட்டிகளில் நின்றுகொண்டிருக்கிறது. கண் எழுதும் வித்தையை மட்டும் கல்லூரி கற்றுத் தரவில்லை. துர்க்கை செய்யும் கைவினைக்காரர்களின் சந்தில் மூன்று சீசன் எடுபிடியாக இருந்து கற்றுக்கொண்டேன். அங்கே கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்கள். எழுதி முடித்துவிட்டால் அம்மன் விழித்துவிட்டாள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் அவள் எதிரே பீடி பிடிக்க மாட்டார்கள்.

எனக்கு ஒரு குறை உண்டு. யாரைச் செய்தாலும் என் மாமனார் மூக்கு வந்துவிடும். கல்யாணப் பேச்சு நடந்தபோது அந்த மூக்குக்கு எதிரே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த பயம் கைக்குள் போய்விட்டது போலிருக்கிறது. ஒரு முறை அவர் கல்கத்தா வந்தபோது அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். ஆதி மனிதன் முன்னால் வெகுநேரம் நின்றார். “மாப்ள, இவர எங்கனயோ பாத்த மாரி இருக்கே” என்றார். பாக்கியம் தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த என் உத்தியோகத்தில், ஓய்வு பெற நான்கு வருஷம் இருக்கும்போது சுதேஷ்ணா மேடம் வந்து சேர்ந்தார். எங்கள் புது இயக்குநர். ஐந்தடி இருந்தால் அதிகம். பதினொரு மணிக்கு எவர்சில்வர் டப்பாவைத் திறந்து பொரியும் பச்சைமிளகாயும் சாப்பிடுவார், அந்தப் பத்து நிமிஷம் மந்திரி வந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு பச்சைப் பென்சில் இருந்தது. எந்த வரைபடத்தைக் கொண்டுபோனாலும் அதன் ஓரத்தில் ஒரே ஒரு பெங்காலிச் சொல் எழுதித் திருப்பித் தருவார்: ‘கேனோ?’ ஏன்? ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல முடிந்தால் அந்தப் பொருள் கண்காட்சியில் இருக்கும். இரண்டாவது வாக்கியம் தேவைப்பட்டால் போச்சு.

இதற்கென்றே ஒரு தடித்த நோட்டுப் போட்டிருந்தார். நாங்கள் அதை ‘ஏன் புத்தகம்’ என்போம். கண்காட்சியில் வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி, இரண்டு கட்டங்கள். ‘ஏன் இங்கே?’ ஒன்று. ‘நமக்கு எப்படித் தெரியும்?’ இன்னொன்று. இரண்டும் நிரம்பாத பொருள் கதவு தாண்டாது. முப்பது வருஷம் எல்லாருக்கும் மாமனார் மூக்கை வைத்துக்கொண்டிருந்தவனுக்கு இந்த இரண்டாவது கட்டம் எவ்வளவு இடைஞ்சல் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பழக்கத்தை அவர் ஜெர்மனியில் கற்றுக்கொண்டு வந்தார். இளம் வயதில் அங்கே ஒரு நினைவிடத்தில் சில மாதம் வேலை பார்த்திருக்கிறார். நாஜிகள் காலத்தில் மனநோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் கொன்ற மருத்துவமனை அது. அதைப் பற்றி எங்களிடம் ஒரே ஒரு முறைதான் பேசினார், பட்டறைத் தரையில் எங்களோடு உட்கார்ந்து. யார் சாக வேண்டும் என்று முடிவு செய்த டாக்டர்கள் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையாம். படிவத்தைப் பார்த்துச் சிவப்புப் பென்சிலால் ஒரு கூட்டல் குறி போட்டால் முடிந்தது. பஸ்ஸில் கூட்டிவந்து, குளியலறை என்று சொல்லி, விஷவாயுவைத் திறந்துவிட்டார்கள். வீட்டுக்கு ஏதோ ஒரு நோயின் பெயரைப் போட்டு அனுதாபக் கடிதம் போனது. வேலை முடிந்ததும் தடயம் இருக்கக் கூடாதென்று கருவிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பல வருஷம் கழித்து நினைவிடம் அமைக்க வந்தவர்கள் அந்தக் கருவிகளைத் திரும்பச் செய்து மாட்டவில்லை. தரை ஓட்டில் தேய்ந்திருந்த தடத்தை மட்டும் துடைத்து அப்படியே விட்டார்கள். “தெரிஞ்சதை மட்டும் வச்சாங்க. தெரியாததைக் கட்டல” என்றார் மேடம். நாங்கள் டீ குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரமே எங்களுக்கும் ஒரு இடம் வந்தது. கார்டன் ரீச்சுக்கு அப்பால் ஆற்றோரமாக, எப்போதோ மூடிவிட்ட ஒரு பழைய மனநோயாளிகள் விடுதி. பெயர் வேண்டாம். கூரை ஒழுகுகிறது, இடிக்கலாம் என்று ஆள் அனுப்பியபோது அலமாரிக்குள் உணவுப் பதிவேடுகள் அகப்பட்டன. யுத்தமும் பஞ்சமும் சேர்ந்து வந்த வருஷங்களின் பதிவேடுகள். தோட்ட வேலையும் தறி வேலையும் செய்யக்கூடிய நோயாளிகளுக்கு முழுச் சாப்பாடு. வேலைக்கு உதவாதவர்களின் பெயருக்கு எதிரே ஒரே சொல்: ‘பாதி’. வாராவாரம் ஒரு டாக்டரின் கையெழுத்து. ‘பாதி’ விழுந்தவர்களை நான்காம் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கிருந்து யாரும் வெளியே போனதாகப் பதிவு இல்லை. குடும்பங்களுக்கு எழுதிய கடிதங்களின் நகலும் இருந்தது. எல்லாருக்கும் காய்ச்சல்.

மேடம் அந்தப் பதிவேட்டைப் படித்து முடித்தபோது பதினொரு மணி தாண்டிவிட்டது. பொரி டப்பாவைத் திறக்கவில்லை. அங்கே நடந்ததும் இங்கே நடந்ததும் ஒன்றல்ல, அந்த வித்தியாசத்தை நாம் எழுதியே வைக்க வேண்டும் என்றார். ஆனால் இந்த மாதிரிக் கையெழுத்தை எனக்குத் தெரியும் என்றும் சொன்னார். இடிக்கும் உத்தரவை நிறுத்தி நினைவகமாக்க அனுமதி வாங்க அவருக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்தக் கோப்பு டில்லிக்குப் போய்வந்த கதையை எழுதினால் அது தனிப் புராணம்.

அந்தச் சமயத்தில்தான் நிர்மல் பாபு எங்களிடம் வந்தார். ஹவுராவில் ஒரு சின்ன லேத் பட்டறையில் நாற்பது வருஷம் கடைசல் வேலை பார்த்தவர், எழுபத்தைந்து வயது. நினைவகம் வரப் போகிறது என்று பேப்பரில் பார்த்துவிட்டு ஒரு வியாழக்கிழமை படகு பிடித்து வந்தார். சித்தப்பா செத்த பிறகு அவருடைய பெட்டியில் கிடைத்த கடிதம் ஒன்று அவர் பையில் இருந்தது. அம்மா பிரசவத்துக்குப் போன இடத்தில் காய்ச்சலில் செத்தாள் என்றே அவரை வளர்த்திருக்கிறார்கள். பிறந்த குழந்தை தங்காமல் போய், அம்மாவின் மனம் பேதலித்து, அவளை இந்த விடுதியில் கொண்டுவந்து விட்ட விஷயம் கடிதத்தைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும். அம்மாவைக் கொண்டுவந்து விட்டபோது அவருக்கு வயது நான்கு. பதிவேட்டில் தேடினோம். நனீபாலா, இருபத்திரண்டு வயது, நான்காம் அறை, பாதி.

அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழனும் பதினொன்றரைப் படகில் வந்துவிடுவார். நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கருவி பிடித்த கை என்பதால் கருவியைப் பற்றித்தான் பேசுவார். இரண்டு மாதம் அப்படிப் பேசிவிட்டு ஒரு நாள் கேட்டார்.

“வீட்டுல ஒரு போட்டோகூட இல்ல, அருணா தா. எல்லாத்தையும் எரிச்சுட்டாங்க. அவ முகம் எனக்கு ஞாபகமே இல்ல. நீங்க இத்தனை பேருக்கு முகம் செஞ்சிருக்கீங்க. சாகறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாக்கணும். அவளுக்கு ஒண்ணு செய்யக் கூடாதா?”

ஒரு மாடலரிடம் யாரும் இதைவிடப் பெரிதாக ஒன்றும் கேட்டுவிட முடியாது. அன்று மாலையே வரைந்தேன். சுவரோரம் குந்தியிருக்கும் பெண், மடியில் காலித் தட்டு. மேடம் பார்த்தார். பச்சைப் பென்சில் எழுந்தது. கேனோ? மகன் கேட்கிறார் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு அடியில் இன்னொன்று எழுதினார்: எப்படித் தெரியும்? மகன் ஜாடையை வைத்து என்று முணுமுணுத்தேன். வரைபடம் என் கைக்குத் திரும்பி வந்தது.

வீட்டில் போய்ப் பொருமினேன். பாக்கியமாவது என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தது தப்பு. “அந்தப் பொம்பளைய நீங்க பாத்திருக்கியளா? பாக்காம மூஞ்சி வச்சா அது வேற யாரு மூஞ்சியாத்தான இருக்கும்?” என்றாள். எங்கப்பா மூக்கு ஒண்ணு போதாதா என்று சேர்த்தும் சொன்னாள்.

யார் சொல்லியும் கேட்கவில்லை. மேடம் கோப்பு விஷயமாக டில்லிக்குக் கிளம்பினார், ஒரு வாரப் பயணம். ஃபைபருக்கு நேரமில்லை, ஆகவே துர்க்கை செய்கிற முறையில் வைக்கோலும் பச்சை மண்ணுமாக நான்காம் அறையிலேயே செய்தேன். நிர்மல் பாபுவின் நெற்றி, நிர்மல் பாபுவின் தாடை. சனிக்கிழமை மாலை கண் எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்தது, அவ்வளவு நன்றாக வந்திருந்தது. வியாழக்கிழமை நிர்மல் பாபு பார்க்கட்டும், வெள்ளிக்கிழமை மேடம் வந்தால் காலில் விழுந்துவிடலாம் என்பது என் திட்டம்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்கு நேர்ந்தது வேறு. மனுஷி பிடிக்கப் போய்ச் சாமியாக முடிந்தது.

திங்கட்கிழமை காலை நான் போனபோதே ஊதுவத்தி வாசனை வந்தது. கட்டடத்தைப் பெருக்குபவர் மினதி தி, அதாவது மினதி அக்கா. மண்ணால் செய்த பெண், கண் திறந்திருக்கிறாள், எதிரே ஒரு பூகூட இல்லையே என்று மனசு கேட்காமல் செம்பருத்தி வைத்து, குங்குமமும் இட்டுவிட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை பக்கத்துக் குடியிருப்பிலிருந்து பெண்கள் வந்தார்கள். அதற்குள் பெயரும் வைத்தாயிற்று, ‘கிதே மா’, பசியம்மா. கும்பிட்டால் வீட்டில் சாப்பாட்டுக்குப் பஞ்சம் வராதாம். புதன்கிழமை கேட்டில் வரிசை. காவலாளி போலா செருப்புகளைக் கோலால் ஒதுக்கி, டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான். இன்னும் திறக்காத நினைவகத்தில் அவ்வளவு கூட்டத்தை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

எடுத்துவிடலாம் என்று கெஞ்சினேன். மினதி தி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. “கண் தொறந்த உருவம், அருணா தா. யாரு கை வைக்கிறது? எழுதினது நீங்கதானே?” என்றார். எழுதினது நான்தான். கல்கத்தாவில் பிறந்து, கல்கத்தாவில் மண் பிசைந்து, அம்மன் சந்தில் எடுபிடியாக இருந்த நான், இந்த ஊரில் ஒரு மண் பெண்ணுக்குக் கண் எழுதிவிட்டு அவள் சும்மா இருப்பாள் என்று நினைத்தேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் உண்டா.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு நிர்மல் பாபு வந்தார். போலா அவரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி வரிசையில் நிற்க வைத்துவிட்டான். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். அதற்குள் அறைக்குள் கிச்சடி, பாயசம், வாழைப்பழம், தட்டுத் தட்டாகச் சந்தேஷ் இனிப்பு எல்லாம் அவள் மடி உயரத்துக்குக் குவிந்திருந்தது. மடியிலிருந்த காலித் தட்டையே காணோம்.

அவர் வெகுநேரம் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து சாப்பாட்டைப் பார்த்தார். திரும்பி என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார்.

“ரொம்ப அழகா செஞ்சிருக்கீங்க. இது என் அம்மா இல்ல, அருணா தா. இதே அறையிலதான் அவளுக்குப் பாதிச் சோறு. இப்ப மண்ணுக்கு முழுச் சாப்பாடு வைக்கிறாங்க.”

வரிசையில் நின்ற பெண்களுக்கும் அது கேட்டது. ஒரு பெண் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். எனக்கு அந்த அறையை விட்டு எங்காவது ஓடிவிட வேண்டும் போல இருந்தது. பசியில் செத்த ஒருத்தியை வைத்து நான் என் கைத்திறமையைக் காட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். கேட்டிலேயே போலா அவரையும் செருப்பைக் கழற்றச் சொன்னான். கழற்றிவிட்டு வந்தார். நான்காம் அறை வாசலில் நின்று பார்த்தார். திட்டவில்லை. ‘ஏன் புத்தக’த்தைக் கொண்டுவரச் சொல்லி, ‘ஒரு பெண் உருவம்’ என்று ஒரு வரி எழுதி, பச்சைப் பென்சிலை என்னிடம் நீட்டினார். முதல் கட்டத்தில் ‘மகன் கேட்டதால்’ என்று எழுதினேன். இரண்டாவது கட்டத்துக்கு எதிரே பென்சில் நின்றுவிட்டது. உண்மையை எழுதுவதென்றால் நெற்றிக்கும் தாடைக்கும் நேரே நிர்மல் பாபு என்றும், மூக்குக்கு நேரே திருநெல்வேலியிலிருக்கும் என் மாமனார் என்றும் எழுத வேண்டும். வந்துவிட்டிருந்தது, அந்த மூக்கு. மேடம் பென்சிலை வாங்கி அந்த வரியை அடித்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடித்தாயிற்று, ஆனால் அகற்றுவது யார்? பூசை கண்ட உருவத்தை உடைக்க எந்தக் கூலி ஆளும் வரவில்லை. வழி சொன்னது மினதி தி. வந்தவளை அனுப்புகிற முறை ஒன்று இருக்கிறதே, ஆற்றில் கரைத்துவிடலாம். நிர்மல் பாபுதான் முன்னால் நின்று செய்ய வேண்டும் என்றும் அவரே சொன்னார். அம்மாவுக்குக் கொள்ளி வைக்காத மகன் அவர். அடுத்த வியாழக்கிழமை ஆறு பேர் தூக்கிக்கொண்டு பின்னாலிருந்த படித்துறைக்குப் போனோம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அவர் அவளை மல்லாக்க விட்டார். மண் கரைய எவ்வளவு நேரம் ஆகும், வைக்கோல் மேலே வந்து மிதந்தது. அவர் அழவில்லை. நான் அழுதேன், மினதி தி முந்தானையைக் கொடுத்தார்.

எனக்குத் தண்டனை இருந்தது. மேடம் அதைத் தண்டனை என்று சொல்லவில்லை. மாடலிங் போதும், கொஞ்ச நாள் வாசியுங்கள் என்று எலி கடித்த நோயாளித் தாள்கள் இருந்த மூட்டையை என் மேஜையில் வைத்தார். அதற்கும் ஒரு முறை இருந்தது. ஒரு தாளை எடுத்தால் முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்ட வேண்டும். மடிப்பை விரலால் நீவக் கூடாது, கண்ணாடிப் பலகைக்கு அடியில் ஒரு நாள் வைத்துத் தானாகப் படிய விட வேண்டும். பிறகு பூதக்கண்ணாடியில் வாசித்து, இருப்பதை இருக்கிறபடி நோட்டில் எழுத வேண்டும். பிழை இருந்தால் பிழையோடு. வாசிக்க முடியாத சொல்லுக்கு ஒரு கோடு. இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து எழுதினால் அன்றைய பக்கம் முழுவதும் திரும்ப எழுத வேண்டும். முதல் வாரம் நான் மூன்று பக்கம் திரும்ப எழுதினேன். ஊகிப்பது எனக்குப் பழக்க தோஷம்.

நான்கு மாதம் ஆயிற்று. நோட்டு முழுக்கக் கோடுகள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மூட்டையின் அடியிலிருந்து எலி பாதி தின்ற ஒரு தாள் வந்தது. நனீபாலா. வாராவாரம் டாக்டர் எழுதிய குறிப்பு, இங்கிலீஷில், சின்னச் சின்ன எழுத்தில். முதல் வாரம்: சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள், தறி வேலைக்கு வர மறுக்கிறாள். இரண்டாம் வாரம்: நான்காம் அறைக்கு மாற்றம், பாதி உணவு. மூன்றாம் வாரக் குறிப்பை அப்படியே தமிழில் தருகிறேன். ‘நாள் முழுவதும் ஒரே கேள்வியைக் கேட்கிறாள்: கோகா சாப்பிட்டானா? அர்த்தமற்ற பேச்சு. முன்னேற்றம் இல்லை. பாதி உணவு தொடரட்டும்.’ கோகா என்றால் பெங்காலியில் சின்னப் பையன், வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது. நான்காம் வாரமும் அதே கேள்வி, அதே கையெழுத்து. ஐந்தாவதில் ஒரு தேதியும் காய்ச்சல் என்ற சொல்லும் மட்டும்.

அந்த டாக்டர் அதை நோயின் அறிகுறியாக எழுதியிருக்கிறார். பாக்கியம் கட்டித் தந்த சாப்பாட்டை அன்றைக்கு என்னால் திறக்கவே முடியவில்லை.

தாளை மேடத்திடம் கொண்டுபோனேன். வாசித்தார். பச்சைப் பென்சில் மேஜையிலேயே கிடந்தது. நிர்மல் பாபு வர இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, அதுவரை இதைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக வையுங்கள் என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை மேடத்தின் அறையில் அவரை உட்கார வைத்து, தாளையும் பெங்காலியில் எழுதிய பிரதியையும் முன்னால் வைத்தோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று முறை வாசித்தார். “வீட்டுல அப்ப வேற பையன் கிடையாது” என்றார். “கோகான்னா நான்தான்.” பிறகு நான்காம் அறையில் கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று கேட்டார். தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

திறப்பு விழாவுக்கு இன்னும் ஒரு மாதம்தான் என்பதால் அப்போது எல்லா அறைகளிலும் போர்டு மாட்டியாயிற்று. நான்காம் அறையிலும்தான். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, போலாவின் விசில் கேட்டது. நானும் மேடமும் ஓடினோம். நிர்மல் பாபு சுவரோரம் தரையில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்திருந்தார். மூன்று ரொட்டி, உருளைக்கிழங்கு வறுவல். போலா போர்டைக் காட்டிக்கொண்டிருந்தான். மேடம் அவன் தோளில் கை வைத்து வெளியே கூட்டிவந்துவிட்டார்.

நாங்கள் வாசலில் நின்றோம். அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வாயாக மென்று, மூன்று ரொட்டியையும் சாப்பிட்டார். வறுவலை வழித்துச் சாப்பிட்டார். தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். டப்பாவை மூடினார். பிறகு சுவரைப் பார்த்து, பக்கத்து அறையில் இருப்பவரிடம் சொல்கிற சாதாரணக் குரலில் பெங்காலியில் சொன்னார்.

“கேயேசி, மா.”

சாப்பிட்டுட்டேன்மா. அவ்வளவுதான்.

அந்தப் போர்டை அன்று மாலை நானே கழற்றினேன், நிவேதா. மறதி இல்லை. நிர்மல் பாபு அதற்கப்புறம் ஒன்பது வருஷம், முழங்கால் இடம் கொடுத்தவரை, வியாழக்கிழமைகளில் அங்கே வந்து சாப்பிட்டார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸுகள் மத்தியானம் டப்பாவோடு வருகிறார்கள், காரணம் தெரிந்துதான் வருகிறார்கள். நானும் மாதம் ஒரு முறை லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து பஸ் பிடித்து, பாக்கியம் கட்டித் தரும் எலுமிச்சை சாதத்தோடு போகிறேன். நீங்கள் பார்த்த எறும்புகளில் சில என்னுடையவை.

காலி அறைக்கு முகம் வேண்டாம் என்று நான் சொன்னால் கிழவன் ஏதோ சொல்கிறான் என்று தோன்றும். ‘ஏன் புத்தகம்’ உங்கள் ஆபீஸ் இரும்பு அலமாரியில் கீழ்த்தட்டில்தான் இருக்கும், ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பச்சைப் பென்சிலால் அடித்த வரிக்கு நாலைந்து பக்கம் தள்ளி, ‘நான்காம் அறையில் போர்டு இல்லை’ என்று ஒரு வரி இருக்கும். ‘ஏன் இங்கே?’ என்ற கட்டத்தில் மேடத்தின் கையெழுத்து: மகன் சாப்பிட. ‘நமக்கு எப்படித் தெரியும்?’ என்ற கட்டத்தை என்னிடம் விட்டுவிட்டார். ஊகம் ஒன்றும் இல்லாமல் என் சர்வீஸில் நான் நிரப்பிய கட்டம் அது. அம்மா கேட்டிருக்கிறார் என்று எழுதினேன்.